கடைசி இடத்துக்கு முதல் தேர்வு: டபிள்யூ.என்.பி.ஏ. டிராஃப்ட் குறித்து

9 ஏப்ரல் 2025

டபிள்யூ.என்.பி.ஏ. என்பது அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக். கல்லூரி முடித்தவர்களையும் வெளிநாட்டு வீராங்கனைகளையும் அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வே டிராஃப்ட். அது குறித்து வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வியை அவருடைய சொற்களிலேயே வைக்கிறேன்: “ஆண்டு முழுவதும் தோற்ற அணிக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி வீராங்கனையைக் கொடுப்பது தோல்விக்குத் தரும் பரிசல்லவா? எந்த ஊர், எந்த அணி என்று அந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்பதில்லை. பெண்கள் கிரிக்கெட்டில் செய்வதுபோல ஏலம் விட்டால் திறமைக்கு உரிய விலையாவது கிடைக்குமே?”

முதலில் பரிசு பற்றி. கடைசி இடத்துக்கு முதல் தேர்வு என்பது விதியன்று. பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையாத 4 அணிகளுக்கும் குலுக்கல் நடக்கிறது. 14 பந்துகளிலிருந்து 4 பந்துகளை எடுத்து, அந்தச் சேர்க்கை எந்த அணிக்கு ஒதுக்கப்பட்டதோ அந்த அணிக்கு முதல் தேர்வைத் தருகிறார்கள். மோசமான அணிக்கு 44.2 விழுக்காடு வாய்ப்பு, அடுத்தவற்றுக்கு 27.6, 17.8, 10.4. முதல் இரண்டு இடங்கள் மட்டுமே குலுக்கலில் முடிவாகின்றன; ஆகவே மோசமான அணி எவ்வளவு துரதிருஷ்டம் பிடித்ததாக இருந்தாலும் மூன்றாம் இடத்துக்குக் கீழே போகாது. யார் மோசம் என்பதையும் ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவு செய்வதில்லை, ஈராண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறார்கள். கடைசி மாதத்தில் நட்சத்திர வீராங்கனைக்கு “முழங்கால் வலி” வந்து, அணி சொல்லிவைத்தாற்போலத் தோற்பதில் பெரிய இலாபம் இருக்கக் கூடாது என்பதே நோக்கம். 2024இல் லாஸ் ஏஞ்சலிஸ் 8 ஆட்டங்களில் வென்று 32இல் தோற்றது, டல்லஸ் 9இல் வென்று 31இல் தோற்றது. குலுக்கலில் முதலிடம் டல்லஸுக்குப் போயிற்று.

ஏலம் பற்றிச் சொல்வதானால், 2023 பிப்ரவரியில் மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3.40 கோடி ரூபாய்க்குப் போனதை நானும் ஆர்வத்துடன் பார்த்தவள்தான். ஆனால் டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஏலம் கேட்பதற்கு அணிகளின் கையில் பணமே இல்லை. புதியவர்களின் ஊதியத்தை வீராங்கனைகள் சங்கத்துடனான கூட்டு ஒப்பந்தம் முன்கூட்டியே வரையறுத்துவிட்டது. இந்த ஆண்டு முதல் 4 இடங்களில் தேர்வாகிறவர்களுக்கு ஆளுக்கு 78,831 டாலர். மூன்றாம் சுற்றில் தேர்வாகிறவருக்கு 66,079 டாலர், அதாவது லீக்கின் மிகக் குறைந்த ஊதியம். ஓர் அணியின் மொத்த ஊதிய உச்சவரம்பு 15,07,100 டாலர். அந்தக் கூரையை உயர்த்தாமல் ஏலம் நடத்தினால், கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் பழைய வீராங்கனை ஒருவருடைய ஊதியத்திலிருந்தே வர வேண்டும்.

விருப்பம் கேட்பதில்லை என்பது உண்மை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

11 ஏப்ரல் 2025

“ஆண்கள் 19 வயதில் என்.பி.ஏ.வுக்குள் போகிறார்கள், பெண்கள் ஏன் நான்கு ஆண்டுகள் கல்லூரியில் காத்திருக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

விதி அப்படி. அமெரிக்க வீராங்கனை அந்த நாட்காட்டி ஆண்டுக்குள் 22 வயதை எட்ட வேண்டும், அல்லது பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது பள்ளிப் படிப்பை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரியில் ஆடாத வெளிநாட்டு வீராங்கனை அதே ஆண்டுக்குள் 20ஐ எட்டினால் போதும். ஜூவல் லாய்டு 2015இலும் ஜாக்கி யங் 2019இலும் மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு வந்தது, அந்த ஆண்டுகளில் அவர்களுக்கு 22 வயது நிறைந்ததால்தான்; இருவருமே முதல் தேர்வானார்கள்.

இந்த வயது வரம்பை நான் நெடுநாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 2021 ஜூலையில் கல்லூரி விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருவாய் ஈட்டலாம் என்று ஆன பிறகு அந்தக் குறையில் பாதி கரைந்துவிட்டது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெய்ஜ் பெக்கர்ஸ் சென்ற ஆண்டே டிராஃப்டுக்கு வந்திருக்கலாம், வரவில்லை. தங்கிய ஓராண்டில், சென்ற ஞாயிறன்று, தென் கரோலினாவை 82–59 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனார். கனெக்டிகட் மாநிலத்தில் நான் வசிக்கும் ஹார்ட்ஃபர்டு பகுதியில் அன்றிரவு யாரும் நேரத்தோடு தூங்கியதாகத் தெரியவில்லை.

14 ஏப்ரல் 2025, இரவு

முடிந்தது. 1. பெக்கர்ஸ், டல்லஸ். 2. டொமினிக் மலோங்கா, பிரான்ஸ், 19 வயது, சியாட்டில். 3, 4. சோனியா சிட்ரன், கிகி இரியாஃபென், இருவரும் வாஷிங்டன். 5. லித்துவேனியாவின் யுஸ்தே யோசிதே, புதிய அணியான கோல்டன் ஸ்டேட். எங்கள் கனெக்டிகட் சன் அணிக்கு 7ஆம், 8ஆம் இடங்களில் அனீசா மாரோவும் சனியா ரிவர்ஸும். மொத்தம் 38 பேர்.

13 அணிகள், 3 சுற்றுகள் என்றால் 39 அல்லவா என்று கேட்பவர்களுக்கு: வீராங்கனைக்கு விதிமீறிய சலுகைகள் பேசப்பட்டன என்ற விசாரணையின் முடிவில், லாஸ் வேகாஸின் இந்த ஆண்டு முதல்சுற்றுத் தேர்வை லீக் 2023லேயே பறித்துவிட்டது.

15 ஏப்ரல் 2025

நேற்று மேடையில் பெக்கர்ஸைப் பார்த்தபோது 2016 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு டிராஃப்ட் எங்கள் மாநிலத்தில், அன்காஸ்வில் ஊரில் உள்ள மோஹிகன் சன் அரங்கில் நடந்தது. பார்வையாளர்களையும் உள்ளே விட்டார்கள், நானும் போயிருந்தேன். மோஹிகன் பழங்குடியினர் நடத்தும் சூதாட்ட விடுதிக்குள் அமைந்த அரங்கம் அது. காசு விழுங்கும் இயந்திரங்களின் வரிசையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்களின் முழங்கால்கள்மீது அணிகள் பந்தயம் கட்டும் சடங்குக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் அமையாது என்று உடன் வந்த தோழியிடம் சொன்னேன்.

அன்று முதல் மூன்று பெயர்களும் ஒரே கல்லூரியிலிருந்து, எங்கள் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து, வந்தன. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. பிரியானா ஸ்டூவர்ட் சியாட்டிலுக்கு, மொரையா ஜெஃபர்சன் சான் அந்தோனியோவுக்கு, மோர்கன் டக் எங்கள் கனெக்டிகட்டுக்கு. நான்கு ஆண்டுகளில் நான்கு கோப்பைகளை வென்ற கூட்டாளிகள். அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள் புதுமுகங்களாக வந்த நாளிலிருந்து பார்த்தவர்கள் என்பதால், டக்கின் பெயர் வாசிக்கப்பட்டபோது, வீட்டுப் பெண் அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டதைப் போல எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

ஆறாம் இடத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் அழைத்த பெயர் ஜான்குவெல் ஜோன்ஸ். பஹாமாஸில் பிறந்தவர், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். கைதட்டல் மரியாதைக்கு ஒலித்தது, அவ்வளவுதான். அன்றே பரிமாற்றத்தில் அவர் கனெக்டிகட்டுக்கு வந்தார். அதற்காக அணி கொடுத்தவற்றுள் செல்சி கிரேயும் ஒருவர். “முழங்கால் சரியாகி இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கும் கிரேயையா கொடுப்பது?” என்று திரும்பும் வழியெல்லாம் நாங்கள் புலம்பினோம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஸ்டூவர்ட் எல்லாரும் எதிர்பார்த்ததைப் போலவே உயர்ந்தார்: 2018, 2020 ஆண்டுகளில் சியாட்டிலுடனும் 2024இல் நியூயார்க்குடனும் கோப்பை, இரண்டு முறை லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனை விருது. ஜெஃபர்சன் காயங்களோடு போராடி அணி மாறி அணி மாறி ஆடினார். டக் 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார், உடல் ஒத்துழைக்கவில்லை. ஜோன்ஸ் அதே 2021இல் லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனை ஆனார், 2024 இறுதிச்சுற்றிலும் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே கிடைத்தது. கிரே, போன ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸுடன் கோப்பை வென்றார். 2022இல் லாஸ் வேகாஸ் கோப்பை வென்றபோது இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனையும் அவர்தான்.

இதை வைத்து அணி நிர்வாகங்களுக்குக் கண்ணில்லை என்று சொல்ல வரவில்லை. டக் ஆடிய ஆட்டத்தை நான் நான்கு ஆண்டுகள் பார்த்தவள். அந்த இரவு எனக்கு மூன்றாம் தேர்வு கிடைத்திருந்தால் நானும் அவரைத்தான் எடுத்திருப்பேன்.

15 ஏப்ரல் 2025, மாலை

மேலே எழுதியதில் “போன ஆண்டே” என்பது கிரே அணி மாறிய அதே 2016ஐக் குறிக்கிறது. இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

22 ஏப்ரல் 2025

“முதல் தேர்வு என்றால் வாழ்வு உறுதி” என்று ஒருவர் எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021இல் முதல் தேர்வு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி காலியர். அந்தத் தேர்வு நியூயார்க்கிடம் இருந்து, பரிமாற்றத்தில் முந்தைய ஆண்டின் சாம்பியனான சியாட்டிலிடம் போய், அங்கிருந்து டல்லஸுக்கு வந்தது. டல்லஸ் முதலிடத்தில் காலியரையும் இரண்டாம் இடத்தில் பின்லாந்தின் அவாக் குயெரையும் எடுத்தது. 2023 மே மாதம் காலியரை அதே டல்லஸ் விடுவித்துவிட்டது.

மறுபுறம், 2019 பட்டியலில் ஆறாம் இடத்தில் இருந்தவர் நஃபீசா காலியர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

5 மே 2025

என் முதன்மையான கருத்தை இப்போதுதான் எழுத முடிகிறது. ஏனெனில் அது ஏப்ரலில் புரியாது, மே மாதத்தில்தான் புரியும்.

டிராஃப்ட் வேலை கொடுப்பதில்லை. வேலை கேட்கும் உரிமையை ஓர் அணியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான். புதியவர்களின் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பயிற்சி முகாம் ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்குகிறது, ஆட்டங்கள் மே நடுவில் தொடங்குகின்றன. இடைப்பட்ட மூன்று வாரங்களுக்குள் ஒவ்வோர் அணியும் 12 பேருக்குக் குறுகிவிட வேண்டும். ஊதிய உச்சவரம்பு நெருக்குவதால் பல அணிகள் 11 பேரோடு நின்றுவிடுகின்றன. சென்ற ஆண்டு 12 அணிகள். எல்லாரும் முழுமையாக நிரப்பினாலும் 144 இடங்கள். அவற்றில் பெரும்பாலானவை உத்தரவாதமுள்ள ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருக்கும் பழையவர்களுக்கு உரியவை. எஞ்சிய சில இடங்களுக்குத்தான் ஆண்டுதோறும் 36 பெயர்களை மேடையில் வாசித்துத் தொப்பி கொடுத்துப் படம் எடுக்கிறார்கள்.

கோல்டன் ஸ்டேட் அணி, இரண்டாம் சுற்றில், 17ஆம் இடத்தில் எடுத்த ஷையான் செல்லர்ஸை மே பிறந்ததும் விடுவித்துவிட்டது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம் அவர். புத்தம்புதிய அணி, பழைய கணக்குகள் எதுவும் இல்லாத அணி, அங்கேயே இப்படி.

அன்காஸ்வில்லில் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் வரும். சிறு பெண்கள் கையெழுத்து வாங்கப் படிக்கட்டுகளில் இறங்கி ஓடுவார்கள். கையெழுத்திடுகிறவர்களில் இரண்டு மூன்று பேர் அடுத்த வாரம் அணியில் இருக்க மாட்டார்கள் என்பது அங்கே பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரியும். என் மகள் ஒருமுறை அப்படி வாங்கி வைத்த கையெழுத்துக்கு உரியவர் யாரென்று இன்றுவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எதிர்த்திசையில் கேட் மார்ட்டினின் கதை இருக்கிறது. 2024 டிராஃப்டுக்கு அவர் அழைக்கப்பட்டவர் அல்லர். அயோவா பல்கலைக்கழகத்தில் உடன் ஆடிய கெய்ட்லின் கிளார்க் முதல் தேர்வாவதைப் பார்ப்பதற்காகப் புரூக்ளின் அரங்கில் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார். 18ஆம் இடத்தில் லாஸ் வேகாஸ் அவர் பெயரைச் சொன்னது. கூட்டத்திலிருந்து எழுந்து மேடைக்குப் போனார். அதைவிட அரியது அடுத்து நடந்தது: நடப்புச் சாம்பியனின் முகாமில், மே மாதக் கழிப்பையும் தாண்டி அணியில் நின்றார்.

6 மே 2025

நேற்றைய குறிப்புக்குப் பின்னிணைப்பு. “அப்படியானால் டிராஃப்டில் பெயரே வராதவர்களுக்கு வழியில்லையா” என்பவர்களுக்குப் பெக்கி ஹம்மன்.

1998 டிசம்பரில், டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக நடந்துவந்த ஏ.பி.எல். என்ற பெண்கள் லீக் பருவத்தின் நடுவிலேயே இழுத்து மூடப்பட்டது. அதன் தொழில்முறை வீராங்கனைகள் அத்தனை பேரும் 1999 டிராஃப்டில் வந்து நிறைந்தார்கள். கல்லூரிப் பெண்களுக்கு இடமே இல்லாமல் போன ஆண்டு அது. விதிவிலக்கு முதல் தேர்வான டென்னசியின் ஷமீக் ஹோல்ட்ஸ்கிளாவைப் போன்ற வெகு சிலர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹம்மனை யாரும் அழைக்கவில்லை. நியூயார்க்கின் முகாமுக்குப் போய் இடம் பிடித்தார்; ஆல் ஸ்டார் ஆட்டங்களுக்கு ஆறு முறை தேர்வானார்; பயிற்சியாளராக 2022இலும் 2023இலும் லாஸ் வேகாஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்.

ஆனாலும் ஹம்மனைக் காட்டி மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. அவரைப் போலப் பெயர் விடுபட்டுப் போன மற்றவர்களை யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை.

30 ஜூன் 2025

கெய்ட்லின் சென் நினைவிருக்கிறதா? ஏப்ரலில் பெக்கர்ஸோடு சாம்பியன் ஆன அதே கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் வீராங்கனை. பிரின்ஸ்டனிலிருந்து இங்கே கடைசி ஆண்டுக்கு வந்தவர். 30ஆம் இடத்தில் கோல்டன் ஸ்டேட் எடுத்தது, மே மாதம் விடுவித்தது. ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்காக அந்த அணியின் வீராங்கனைகள் சிலர் தாயகம் திரும்பியபோது மீண்டும் அழைத்துக்கொண்டது. தைவான் வழிவந்த அமெரிக்கர் ஒருவர் இந்த லீக்கில் ஆடுவது இதுவே முதல் முறை.

இந்தியாவிலிருந்து யாராவது முயன்றார்களா என்ற கேள்விக்கு: கீது அன்னா ஜோஸ். கேரளத்தில் பிறந்து, சென்னையில் தெற்கு ரயில்வே அணிக்காக ஆடியவர். 2011இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அந்தோனியோ அணிகள் அவரைச் சோதனைக்கு அழைத்தன. டிராஃப்ட் வழியாக அல்ல, நேரடியாக. இடம் கிடைக்கவில்லை. மே மாதக் கணக்கைப் படித்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது.

வெளிநாட்டவர் பற்றி இன்னொன்று. யோசிதே இந்தக் கோடையில் அமெரிக்காவுக்கு வரவில்லை. அவரை எடுத்த அணியிடம் உரிமை இருக்கிறது, ஆள் இல்லை. எங்கள் சன் அணி சென்ற ஆண்டு 10ஆம் இடத்தில் எடுத்த பிரான்ஸின் லெயிலா லகானும் ஓராண்டு வராமலேயே இருந்தார். இப்போதுதான் வரப் போகிறார். முதல் குறிப்பில் “விருப்பம் கேட்பதில்லை” என்பதற்கு மறுமொழி இல்லை என்று எழுதியிருந்தேன். பாதி மறுமொழி இதில் இருக்கிறது: வேறு நாட்டில் ஊதியம் தரும் லீக் இருக்கிறவருக்கு, வராமல் இருக்கும் விருப்பமாவது இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியில் படித்து முடித்த பெண்ணுக்கும் துருக்கியோ சீனாவோ திறந்தே இருக்கின்றன. ஆனால் வீட்டார் பார்க்கும்படி ஆட வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த வாசல்தான்.

21 ஆகஸ்ட் 2025

நேற்று பெக்கர்ஸ் 44 புள்ளிகள். புதுமுகம் ஒருவர் ஓர் ஆட்டத்தில் எடுத்த அதிகப் புள்ளிகளை, 1997இல் சிந்தியா கூப்பர் எடுத்ததை, சமன் செய்தார். டல்லஸ் 80–81 என்று தோற்றது. கடைசி நொடியில் வெற்றிப் பந்தைப் போட்டவர் லாஸ் ஏஞ்சலிஸின் கெல்சி பிளம், 2017இன் முதல் தேர்வு.

24 செப்டம்பர் 2025

பருவம் முடிந்த நிலையில் இரண்டு அணிகளை அருகருகே வைத்துப் பார்க்க ஆசை.

டல்லஸுக்கு முதல் தேர்வு கிடைத்தது. பெக்கர்ஸ் எதிர்பார்த்தபடியே ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். அணி 10இல் வென்று 34இல் தோற்றது. கோல்டன் ஸ்டேட்டுக்குக் கிடைத்தது ஐந்தாம் தேர்வு, அவரும் வரவில்லை. இரண்டாம் சுற்றில் எடுத்தவரை அதுவே அனுப்பிவிட்டது. அணி 23இல் வென்று 21இல் தோற்று, தன் முதல் பருவத்திலேயே பிளேஆஃபுக்குள் நுழைந்தது. புதிய அணி எதுவும் இதற்குமுன் அதைச் செய்ததில்லை.

அந்த அணி எதனால் கட்டப்பட்டது என்று பார்த்தால் என் மே மாதக் குறிப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சென்ற டிசம்பரில் நடந்த விரிவாக்க டிராஃப்டில் பழைய 12 அணிகளும் ஆளுக்கு 6 பேரைப் பாதுகாத்துக்கொண்டன. மீதமிருந்தவர்களிலிருந்து கோல்டன் ஸ்டேட் 11 பேரை எடுத்தது. கேட் மார்ட்டின் அவர்களில் ஒருவர். இன்னொருவர் வெரோனிகா பர்ட்டன். 2022இல் டல்லஸ் ஏழாம் இடத்தில் எடுத்து, 2024 பருவம் தொடங்கும் முன் விடுவித்தவர். கனெக்டிகட் சேர்த்துக்கொண்டு, பாதுகாப்புப் பட்டியலில் வைக்காமல் விட்டவர். இந்த ஆண்டு லீக்கில் மிகவும் முன்னேறிய வீராங்கனை விருது அவருக்கு. ஓராண்டு முழுவதும் அவரை நேரில் பார்த்தும் எங்கள் ஊரில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, நானும்தான்.

ஆனால் இதை வைத்து முதல் தேர்வுக்கு மதிப்பே இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பது மிகை. சான் அந்தோனியோ அணி 2017இல் பிளமை எடுத்தது. அணி லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு 2018இல் ஏஜா வில்சன், 2019இல் ஜாக்கி யங். தொடர்ந்து மூன்று முதல் தேர்வுகள், மூவரும் சேர்ந்து இரண்டு கோப்பைகள். முதல் தேர்வு வேலை செய்கிறது. மெதுவாகச் செய்கிறது, அதற்குள் எல்லாரும் பொறுமை இழந்துவிடுகிறார்கள்.

24 நவம்பர் 2025

நேற்று குலுக்கல். மீண்டும் டல்லஸ்.

“பார்த்தீர்களா, தோல்விக்குப் பரிசு!” என்று முதல் கேள்வியைக் கேட்ட அதே நண்பர் விடிவதற்குள் எழுதிவிட்டார். ஈராண்டுக் கணக்கில் 19 வெற்றி, 65 தோல்வி. இந்த முறை பந்துகள் கணக்கின்படியே விழுந்திருக்கின்றன. அவரோடு வாதாட எனக்கு வழியில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கூட்டு ஒப்பந்தம் அக்டோபர் கடைசியில் முடிந்து, ஒரு மாத நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. டொரான்டோவும் போர்ட்லாண்டும் அடுத்த பருவத்தில் வருகின்றன. அவற்றுக்கான விரிவாக்க டிராஃப்ட் ஒப்பந்தத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. இரண்டு அணிகள் என்றால் 24 புதிய இடங்கள். செல்லர்ஸைப் போன்றவர்களுக்கு ஏப்ரல் மேடையைக் காட்டிலும் அந்த 24தான் முக்கியம். ஒப்பந்தத்தில் அணிக்கு எத்தனை பேர், புதியவர்களின் ஊதியத்துக்கு உத்தரவாதம் உண்டா என்ற இரண்டு வரிகளை முதலில் தேடிப் படிக்கப் போகிறேன். வெளியானதும் இங்கே எழுதுகிறேன்.